அணைகளை இடித்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

பேராவூரணிப் பக்கத்திலிருந்து வேளாண்மை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்துவிட்டார்கள். ஆறு பழையபடி ஓடுகிறது, சால்மன் மீன் திரும்பி வந்துவிட்டது. காவிரியிலும் கிருஷ்ணராஜ சாகர், கபினி, மேட்டூர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆற்றை அதன் போக்கில் விட்டால் வாய்க்கால்களின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடைக்குத் தானாகத் தண்ணீர் வந்துவிடாதா? இரண்டு மாநிலச் சண்டையும் முடிந்துவிடுமே?" கூடவே, கல்லணைக் கால்வாய்க்குக் கான்கிரீட் போடுவது நல்லதா கெட்டதா என்றும் கேட்டிருக்கிறார்.

வராது தம்பி. சண்டையும் முடியாது. ஆனால் உங்கள் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கிளமத்தில் நடந்ததை முழுசாகப் பார்த்தால் காவிரிக்கு அதில் நிஜமாகவே விஷயம் இருக்கிறது. வீடியோக்களில் காட்டுவது அதில் பாதிதான்.

கிளமத் ஆறு ஓரிகன் மாநிலத்தில் தொடங்கி, கலிபோர்னியா வழியாகப் போய்ப் பசிபிக் கடலில் விழுகிறது. மேலே ஒரு பெரிய ஏரி, அப்பர் கிளமத் ஏரி. அதிலிருந்து வாய்க்கால் எடுத்து ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் செய்யும் அரசுத் திட்டம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. உருளைக்கிழங்கு, வெங்காயம், குதிரைமசால் எல்லாம் விளைகிறது. ஏரிக்குள் அழிவின் விளிம்பில் இரண்டு வகை மீன்கள் இருக்கின்றன. ஏரியில் குறிப்பிட்ட மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் அவை பிழைக்கும். கீழே ஆற்றில் சால்மன். அதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். ஏரி மீனை நம்பிக் கிளமத் பழங்குடியினர், ஆற்று மீனை நம்பி யூரோக், கருக் பழங்குடியினர், வாய்க்காலை நம்பி விவசாயிகள். 2001-ல் கடும் வறட்சி வந்தது. மீன்களைக் காக்கும் சட்டப்படி பாசனத் தலைமதகை மூடினார்கள். ஜூலையில் விவசாயிகளும் அவர்களுக்கு ஆதரவாக வந்தவர்களும் போய் அந்த மதகை வலுக்கட்டாயமாகத் திறந்தார்கள். (ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரைத் தூக்கிவிடும் ஊர்க்காரர்கள் நமக்கும் புதிதில்லை.) அடுத்த வருஷம் விவசாயத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். 2002 செப்டம்பரில் கீழ் ஆற்றில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன்கள் செத்து மிதந்தன. 2021-ல் மறுபடியும் வறட்சி, மறுபடியும் மதகு மூடல்.

இப்போது இடித்த அணைகளுக்கு வருவோம். ஜே.சி. பாயில், காப்கோ 1, காப்கோ 2, அயர்ன் கேட் என்ற நான்கும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. அந்தப் பாசனத் திட்டத்துக்கு அவற்றிலிருந்து தண்ணீர் போனதில்லை. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் மீன் ஏறிப் போக வழி கட்டியாக வேண்டும். அந்தச் செலவுக்கு இடித்துவிடுவதே மலிவு என்று மின் நிறுவனத்துக்குக் கணக்கு வந்தது. பழங்குடியினரின் நீண்ட போராட்டமும் சேர, 2023-ல் ஒரு அணையும் 2024-ல் மீதி மூன்றும் போயின. அந்த அக்டோபரிலேயே சால்மன் ஓரிகன் வரை ஏறிவிட்டது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் ஏரி வாயில் இருக்கும் லிங்க் ரிவர் அணையும், அதற்குக் கீழே இருக்கும் கெனோ அணையும், பாசன மதகும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 2010-ல் அணை இடிப்பு ஒப்பந்தத்தோடு சேர்த்து, வறட்சி ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்று பேசி ஒரு பங்கீட்டு ஒப்பந்தமும் போட்டிருந்தார்கள். அமெரிக்க காங்கிரஸ் அதற்கு ஒப்புதல் தரவே இல்லை. 2015 முடிவில் அது காலாவதியாகிப் போனது. ஆக, அங்கே அணைகள் போய்விட்டன, தண்ணீர்ப் பங்கீடு மட்டும் இன்றுவரை தீரவில்லை.

காவிரிக்கு வருகிறேன். இங்கே இருக்கும் பெரிய அணைகள் வேறு ரகம், பாசனத்துக்காகத் தேக்குபவை. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர் 49.45 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி), ஹேமாவதி 37.10, கபினி 19.52, ஹாரங்கி 8.50; நான்கும் சேர்ந்து 114.57 டி.எம்.சி. நம் பக்கம் மேட்டூர் மட்டும் 93.47. இவற்றுக்குத் தண்ணீர் பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழையில் வருகிறது. அந்த மழை ஜூனில் தொடங்கி ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போய் செப்டம்பரோடு அடங்கிவிடும். டெல்டாவில் பயிர் நிற்பது அப்படி இல்லை. ஜூனில் குறுவை நாற்றங்கால் தொடங்கி, குறுவை அறுத்த வயலில் தாளடி, ஒருபோக நிலத்தில் சம்பா என்று ஜனவரி, பிப்ரவரி வரை வயலில் பயிர் இருக்கும். பொன்மணி என்று நாம் சொல்லும் சி.ஆர். 1009 மாதிரி நெல் 155 நாளுக்கு மேல் நிற்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் கையை விரித்தால் கதிர் வரும் நேரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அணை இல்லாத ஆற்றில் ஜூலைத் தண்ணீர் அதற்குள் வங்காள விரிகுடாவில் கலந்து மாதக்கணக்காகியிருக்கும். பத்தாயத்தை உடைத்தால் விளைச்சல் கூடிவிடாது. அறுத்த மாதம் சாப்பிட்டுவிட்டு மீதி மாதம் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

உங்கள் ஊருக்கு இதில் தனிக் கணக்கு இருக்கிறது. மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அந்த அணையை நம்பி, அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் கல்லணைக் கால்வாயை வெட்டினார்கள். பழைய ஆட்கள் இன்றும் அதைப் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று அதுவரை வானம் பார்த்துக் கிடந்த மேட்டு நிலங்களுக்குக் காவிரித் தண்ணீர் எட்டியது அதற்கப்புறம்தான். 1924 ஒப்பந்தத்தில் மைசூர் கிருஷ்ணராஜ சாகர் கட்டிக்கொள்ளலாம், சென்னை மாகாணம் மேட்டூர் கட்டி 3.01 லட்சம் ஏக்கர் புதுப் பாசனம் செய்துகொள்ளலாம் என்று இருந்ததே, அந்த ஏக்கர்களில்தான் உங்கள் ஊர் வருகிறது. மேட்டூரை எடுத்தால் கும்பகோணத்துக்காரருக்கு முன்னால் நீங்கள்தான் காய்வீர்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய அணைகளை விடுங்கள், டெல்டா என்று ஒன்று பயிரோடு இருப்பதே இரண்டு தாழ்வான தடுப்புகளால்தான். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவின் கிழக்கு முனையில் இரண்டும் மறுபடி நெருங்கி வரும் இடத்தில் கல்லணை. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, கடலுக்குப் போகும் வழியும் நேரானது. தண்ணீருக்கு விருப்பம் அந்தப் பக்கம்தான். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை செய்த வேலை, காவிரியில் வந்த தண்ணீர் அங்கே கொள்ளிடத்துக்குள் நழுவிவிடாமல் மறித்துத் தஞ்சைப் பக்கம் திருப்பியது. இன்றைக்கும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் தண்ணீர் பிரித்துக் கொடுப்பது அங்கேதான். மிஞ்சியது கொள்ளிடத்துக்குப் போகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகை மணலேறி உயர்ந்துவிட்டது. தண்ணீர் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டித் தண்ணீரைக் காவிரிக்குத் தள்ளினார். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதுதான் சுவாரஸ்யம். காவிரியின் படுகை அளவுக்கு மீறி அரிக்க ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்குள் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. முக்கொம்பில் ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் உடனே மாறும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த மேலணையில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துப் போனபோது இந்தக் காலத்து ஆட்களுக்கும் அது தெரிந்தது. மேட்டூர் நிரம்பி வழிந்த வருஷம் அது. இருந்தும் மணல் மூட்டையும் பாறையும் போட்டு உடைப்பை அடைக்கும் வரை எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைத்தது, காவிரிக்குத் திருப்ப வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிவிடுமே என்று. ஆற்றை அதன் போக்கில் விட்டால் அது போகும் இடம் உங்கள் வயல் இல்லை தம்பி, அளக்குடிக்கும் பழையாறுக்கும் நேராகக் கடலுக்கு.

சரி, அப்படியானால் பிரச்சினை எங்கே இருக்கிறது? மதகு திறந்து மூடும் வேலையிலேயே காலம் போனவன் என்பதால் எனக்கு இதில் ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. டெல்டாவின் பிரச்சினை வருஷ மொத்தத்தில் இல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு என்பதிலும், மழை குறைந்த வருஷத்தில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதிலும்தான் இருக்கிறது.

எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 1990-ல் அமைத்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு சொன்னது. காவிரிப் படுகையின் மொத்த நீர் 740 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7. இந்த 740 என்பது ஐம்பது சதவீத நம்பகத்தன்மையில் வந்த எண். எளிமையாகச் சொன்னால், இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம்தான் அந்த அளவோ அதற்கு மேலோ வரும்; மற்ற வருஷம் குறையும். குறைவு பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம். ஆனால் தீர்ப்பின் அடிப்படை எண்ணிலேயே பற்றாக்குறை ஆண்டு என்பது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக இருக்கிறது. அப்படிப்பட்ட வருஷத்தில் என்ன செய்வது? எல்லோருக்கும் விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த விகிதத்தை எதை வைத்து, எந்தத் தேதியில், யார் கணக்கிடுவது என்பதற்கு இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இல்லை. இத்தனை வருஷ வழக்கும் மறியலும் பஸ் எரிப்பும் பெரும்பாலும் நடந்தது இந்த ஒரு ஓட்டைக்குள்தான். 2002, 2012, 2016, 2023 என்று கொந்தளித்த வருஷங்களை எடுத்துப் பாருங்கள். நல்ல மழை பெய்த வருஷத்தில் இந்தச் சண்டை பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கணக்கைக் கொஞ்சம் மாற்றியது. தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75. மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 192-லிருந்து 177.25 ஆனது. குறைத்த 14.75-ல் 10 டி.எம்.சி.க்குக் காரணம் டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது, மீதி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. நிலத்தடி நீர்க் கணக்கை நான் இன்றுவரை முழுசாக ஏற்கவில்லை. தஞ்சாவூர், பாபநாசம் பக்கம் நல்ல தண்ணீர் உண்டு, உண்மை. வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே போர் போட்டுப் பாருங்கள், நெல்லுக்கு விட முடியாத உப்பு. நீர் இருக்கும் இடம் ஒன்று, தேவைப்படும் இடம் வேறு. டெல்டாவை ஒரே கிணறாக நினைத்துப் போட்ட கணக்கு அது.

பிலிகுண்டுலுவில் எந்த மாதம் எவ்வளவு வர வேண்டும் என்ற அட்டவணையைப் பாருங்கள். ஜூன் 9.19 டி.எம்.சி., ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, அப்புறம் பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை. ஜூன் மாத 9.19-ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் வினாடிக்கு சுமார் 3,500 கனஅடிதான் வரும். குறுவைக்கு மேட்டூரிலிருந்து திறக்க வேண்டியது அதைப்போல் மூன்று மடங்காவது இருக்கும். ஆக மேட்டூரின் வழக்கமான ஜூன் 12 திறப்பு என்பது கர்நாடகம் அந்த மாதம் தரும் தண்ணீரில் நடப்பதே இல்லை. மேட்டூரில் முந்தின வருஷம் மிச்சம் பிடித்த தண்ணீரில் நடக்கிறது. மட்டம் 90 அடிக்கு மேல் இருந்தால் துணிந்து திறக்கலாம் என்ற பழைய வழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கணக்கும் போடலாம். ஒரு டி.எம்.சி. தண்ணீரை ஓரடி உயரத்துக்கு நிறுத்தினால் சுமார் 23,000 ஏக்கர் மூழ்கும். நடவிலிருந்து அறுப்பு வரை நெல்லுக்கு ஏறக்குறைய நாலடி வேண்டும் என்று வைத்தால், மழையையும் வாய்க்காலில் போகும் சேதாரத்தையும் தள்ளிவிட்டு, 3 லட்சம் ஏக்கர் குறுவைக்கு 52 டி.எம்.சி. ஆகிறது. ஜூன், ஜூலை இரண்டு மாத ஒதுக்கீடு சேர்ந்தாலே 40.43-தான். குறுவை பரப்பை அதிகப்படுத்திவிட்டோம் என்று பெருமை பேசும் வருஷங்களில் எனக்கு உள்ளூர உதறல் எடுப்பதற்கு இந்தக் கழித்தல்தான் காரணம்.

2023, 2024 என்ற இரண்டு வருஷத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023-ல் ஜூன் 12 அன்று சரியாகத் திறந்தார்கள். கர்நாடகத்தில் மழை ஏமாற்றியது. ஆகஸ்ட் கடைசியில், எவ்வளவு தண்ணீர் விடுவது என்று பார்த்துச் சொல்லும் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு வினாடிக்கு 5,000 கனஅடி வீதம் 15 நாள் விடச் சொன்னது. மொத்தமாக 6.48 டி.எம்.சி. அட்டவணைப்படி அந்த ஆகஸ்டுக்கு மட்டும் வர வேண்டியது 45.95. அக்டோபரிலேயே மேட்டூரை மூட வேண்டியதாயிற்று. கடைமடையில் குறுவை கருகியது, சம்பா தொடங்குவதா வேண்டாமா என்று ஆட்கள் திண்டாடினார்கள். 2024-ல் மேட்டூரில் தண்ணீர் இல்லாததால் ஜூன் 12 திறப்பே இல்லை. ஜூலை 28 அன்று திறந்தார்கள். இரண்டே நாளில் 120 அடி நிரம்பி பதினாறு கண் மதகு வழியாக உபரி இறங்கி, கொள்ளிடத்தில் வெள்ளம். அந்த வருஷ மொத்தத்தில் 177.25-க்கு மேலேயே வந்துவிட்டது. காகிதத்தில் தீர்ப்பு நிறைவேறியது. ஆற்றுப் பாசனத்தையே நம்பியிருந்தவருக்குக் குறுவை போனது போனதுதான்.

இதற்கு மருந்து அணை இடிப்பில் இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும். கர்நாடக அணைகளில் தண்ணீர் நிரம்பும் காலத்திலேயே, நிரம்பி வழிவதற்கு முன்னாலேயே, நமக்கான பங்கு பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிரிந்து வர வேண்டும். அங்கே வரத்து குறைந்தால் இங்கே எவ்வளவு குறையும் என்பது ஜூன் மாதமே எல்லோருக்கும் தெரிந்த விதியாக இருக்க வேண்டும். இப்போது குழு, கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வந்த நீரை முப்பது வருஷ சராசரியோடு ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் குறைவோ அதைப் பார்த்து முடிவு சொல்கிறது. மோசமான முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கூட்டத்துக்குக் கூட்டம் பேரம் பேசும் எண்ணாக இருக்கிறது. மேட்டூரில் எவ்வளவு இருக்கிறது, இங்கே எந்தப் பயிர் எந்த நிலையில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் எங்கே வரும் என்று எழுதி வைக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் தன் ஒதுக்கீட்டைப் பதினைந்து வருஷத்துக்கு என்று சொல்லியிருக்கிறது. 2033-ல் மறுபடியும் இதெல்லாம் மேசைக்கு வரும். அதற்குள் நாம் தயார் செய்ய வேண்டியது பற்றாக்குறைச் சூத்திரம்தான்.

மாண்டியா விவசாயியின் பக்கத்தையும் பார்க்காமல் இந்தச் சூத்திரம் எழுத முடியாது. 1892, 1924 ஒப்பந்தங்களில் ஒரு பக்கம் பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட சென்னை மாகாணம், மறுபக்கம் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானம். கை கட்டிப் போட்ட கையெழுத்து என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆற்றின் மேல்பக்கம் இருந்தும் எங்களுக்குப் பிந்தித்தான் பாசனம் வந்தது, வந்த பிறகு கூடாது என்கிறீர்களே என்கிறார்கள். நாம் ஆயிரம் வருஷமாகப் பாயும் வயலைக் காட்டுகிறோம். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. 2003 வாக்கில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் 'காவிரி குடும்பம்' என்று கூடிப் பேசினார்கள். அவர்கள் இங்கே வந்தார்கள், நம்மவர்கள் அங்கே போனார்கள். பற்றாக்குறைப் பங்கீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கையெழுத்தாகும் அளவுக்கு அது போகவில்லை. கிளமத்தில் 2010-ல் மேசையில் உட்கார்ந்தவர்களின் கதை நினைவுக்கு வருகிறது. தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் பேசிக்கொள்ள முடிகிறது, மேலே போகும்போது நின்றுவிடுகிறது.

மேக்கேதாட்டு பற்றி ஒரு வார்த்தை. கட்டிய அணையை இடிப்பதைவிட, அங்கே காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்டப் போவதாகச் சொல்லும் அணைதான் நமக்கு அவசரக் கவலை. 67.16 டி.எம்.சி. கொள்ளளவு என்கிறார்கள். கிருஷ்ணராஜ சாகர், கபினிக்குக் கீழே பெய்யும் மழை இன்று எந்தக் கதவும் இல்லாமல் பிலிகுண்டுலுவுக்கு வந்து சேர்கிறது. அதற்கும் ஒரு கதவு வந்துவிட்டால், மோசமான வருஷத்தில் நம்மிடம் மிஞ்சியிருக்கும் ஒரே தானாக வரும் நீரும் இன்னொருவர் சாவியில் போய்விடும். பற்றாக்குறை விதி எழுதுவதற்கு முன்னால் அந்தச் சாவியைக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் எண்ணம்.

அணைகளால் கெடுதலே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உல்லம் மீன் ஒரு காலத்தில் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வந்தது. அணைக்கட்டுகளும் மேட்டூரும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிட்டன. டெல்டா மண் என்பதே வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல். அது இப்போது அணைகளுக்குள் படிகிறது. அணையின் கொள்ளளவு குறைகிறது, கடலோரத்துக்கு மண் வருவதில்லை, பூம்புகார் தரங்கம்பாடிப் பக்கம் கடல் அரிக்கிறது. வருகிற கொஞ்ச மணலையும் கொள்ளிடத்தில் லாரி லாரியாக அள்ளியாயிற்று. படுகை தாழத் தாழ உப்பு நீர் உள்ளே ஏறுகிறது. இதற்கெல்லாம் அணையை இடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, வண்டலை வெளியே விடவும் மணலை விட்டுவைக்கவும் முடியும். டெல்டாவில் இடிக்க வேண்டியவை என்று கேட்டால் என் பட்டியல் வேறு: வடிகால் ஆறுகளை மறித்து நிற்கும் ஆக்கிரமிப்புகள், இறால் குட்டைகளின் கரைகள். கடல் முகத்தில் உப்பு நீரைத் தடுக்கும் இயக்கு அணைகளை மட்டும் கூடுதலாகக் கட்டலாம்.

நமக்குள் இருக்கும் பங்கீட்டையும் யாரும் பேசுவதில்லை. தண்ணீர் குறைந்தால் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைப்பார்கள். முறை தாளில் சமமாக இருக்கும். ஆனால் தலைப்பில் போர்வெல்லும் இலவச மின்சாரமும் உள்ளவர் முறைக்கு முன்பே நாற்று விட்டிருப்பார். வாய்க்கால் தண்ணீர் வந்ததும் முதலில் அவர் வயல்தான் குடிக்கும். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு மூன்றுக்கும் பிரித்து விட்டபின் கீழே போகப் போக வெங்காயத்தாமரையும் நாணலும் மறித்து, கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த முறை வந்துவிடும். கர்நாடகம் நமக்குச் செய்வதாக நாம் சொல்லும் அத்தனை குற்றச்சாட்டையும் முத்துப்பேட்டைக்காரர் தஞ்சாவூர்க்காரர் மேல் சொல்லலாம். அதனால் நேரடி விதைப்பு, காய்ச்சலும் பாய்ச்சலும் மாதிரி முறைகளைத் தண்ணீர் இல்லாத கடைமடைக்காரருக்கு மட்டும் உபதேசம் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. அதைத் தலைப்பில் தொடங்கினால்தான் மிச்சமாகும் தண்ணீர் கீழே வரும்.

கடைசியாகக் கான்கிரீட். கல்லணைக் கால்வாயை 2,640 கோடி ரூபாய் அளவில் புதுப்பிக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணம் அடித்தளம். கால்வாயின் அடியிலும் சிமெண்ட் போட்டுவிட்டால் பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்று நின்றுவிடும் என்பது நியாயமான பயம். அதே சமயம் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஊற்றே இழப்பு. மேலே கசிந்தது கீழே வராது. இந்தக் கால்வாய் பல இடங்களில் வயலைவிட உயரத்தில், மண் கரைமேல் போகிறது. அங்கே பக்கச் சுவர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் முழு அளவு விட்டதும் உடைப்புதான். அடித்தளத்தை, கிணற்றுப் பாசனம் உள்ள நீளங்களில் மண்ணாகவே விடலாம். எல்லா மைலுக்கும் ஒரே வரைபடம் என்பதுதான் தப்பு.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது உங்கள் பக்கத்து ஏரிகள். இந்தக் கால்வாய் பேராவூரணி தாண்டி நாகுடி வரை வழியெல்லாம் ஏரிகளை நிரப்பிக்கொண்டு போகும்படி அமைந்தது. கஜா புயலுக்கு அப்புறம் 2019-ல் கைஃபா என்ற அமைப்பின் இளைஞர்கள் பேராவூரணி பெரிய ஏரியைத் தூர்வாரியது உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வரும் தேதி நம் கையில் இல்லாதபோது, வந்த தண்ணீரைப் பிடித்து வைக்க இடம் இருப்பதுதான் பிழைக்கிற வழி. குறைதீர்க் கூட்டத்துக்குப் போனால் குறுவை நேரத்தில் ஏரிக்குத் தண்ணீர் கேட்காதீர்கள். கிடைக்காது, மேலே இருப்பவர்களோடு சண்டைதான் மிஞ்சும். மேட்டூர் நிரம்பி உபரி கொள்ளிடத்தில் இறங்குகிற நாட்களில், கல்லணைக் கால்வாயில் முழு அளவு விட்டு, மேலே உள்ள மதகுகளை அத்தனை நாளும் தாழ்த்தி வைத்து, கடைமடை ஏரிகளை முதலில் நிரப்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நாட்களில் கரை தாங்குமா என்பார்கள். பக்கச் சுவர் வேலையை எந்த மைலில் முதலில் முடிக்க வேண்டும் என்று கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.